பேஸ்மென்டில் அறை தடுக்கப் போகிறீர்களா? மரம் வாங்குமுன் சுவரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு பேஸ்மென்ட், அதாவது நிலத்தடித் தளம், இப்போது வெறும் கான்கிரீட்டாகக் கிடக்கிறது. அம்மாவுக்கு ஒரு படுக்கையறையும் எனக்கு ஒரு சின்ன அலுவலக அறையும் தடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஓரளவு மரவேலை தெரியும், கருவிகளும் இருக்கின்றன. கான்கிரீட் சுவர் முழுக்க பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அதன்மேலேயே கட்டைகளை அடித்து, நடுவில் கண்ணாடியிழைப் பஞ்சை அடைத்து, இன்னொரு பிளாஸ்டிக் போட்டு டிரைவால் என்ற ஜிப்சம் பலகையால் மூடினால் வேலை முடிந்தது என்கிறார் நண்பர் ஒருவர். சட்டத்தில் நிற்கும் செங்குத்துக் கட்டை, அதாவது ஸ்டட், மரமா, இரும்பா? சட்டத்தைத் தரையில் படுக்கவைத்துக் கட்டித் தூக்கி நிறுத்தலாமா, நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாக அடிக்க வேண்டுமா? மற்றபடி பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. ஒரு மூலையில் மட்டும் பெருமழைக்குப் பிறகு வெள்ளைத்தூள் மாதிரி ஏதோ வருகிறது, துடைத்தால் போய்விடுகிறது.

பதில்: வணக்கம். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வெள்ளைத்தூள், அதிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். அது சுவரில் உப்புப் பூப்பது. வெளியிலிருக்கும் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் ஊறி வரும்போது உள்ளே இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது, இந்தப் பக்கம் வந்து தண்ணீர் ஆவியாகிப் போய்விட உப்பு மட்டும் சுவரில் தங்கிவிடுகிறது. துடைத்தால் தூள் போகும், தண்ணீர் வரும் வழி அப்படியேதான் இருக்கும். இன்றைக்குச் சுவர் திறந்து கிடப்பதால் அது காற்றில் காய்ந்துவிடுகிறது, அதனால் உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதன் முன்னால் மரச்சட்டம், பஞ்சு, டிரைவால் எல்லாம் வந்துவிட்டால் காய வழியில்லை. ஓதம் உள்ளேயே நின்று பூசணம் பிடிக்கும், நாற்றம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

அதனால் மரக்கடைக்குப் போகாதீர்கள், முதலில் வீட்டுக்கு வெளியே போய் அந்த மூலையைப் பாருங்கள். பத்தில் எட்டுப் பங்கு காரணம் வெளியேதான் இருக்கும் என்பது என் அனுபவம். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் அந்த மூலையிலேயே சுவரோரம் கொட்டுகிறதா, கூரை விளிம்புத் தண்ணீர் வாய்க்காலில் இலை அடைத்து வழிகிறதா, மண் சுவரை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மண் சுவரிலிருந்து விலகிச் சரிய வேண்டும், முதல் 10 அடிக்குள் 6 அங்குலமாவது இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இறங்குகுழாயின் வாயை நீட்டி ஐந்தாறு அடி தள்ளிக் கொட்டவிடுங்கள். மழை நன்றாகப் பெய்யும்போதே ஒரு குடையோடு போய் நின்று பார்ப்பதுதான் சரியான சோதனை, வெயில் நாளில் பார்த்தால் எல்லா வீடும் ஒழுங்காகத்தான் தெரியும்.

வெளியே சரிசெய்த பிறகு உள்ளே ஒரு எளிய சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் துண்டுகளை அந்த மூலைச் சுவரிலும் தரையில் இரண்டு மூன்று இடங்களிலும் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் போட்டு, இரண்டு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். தாளுக்கு அடியில், கான்கிரீட் பக்கம் ஈரம் பூத்திருந்தால் தண்ணீர் கான்கிரீட் வழியாக வருகிறது. தாளின் மேல்பக்கம், அறை பக்கம் ஈரமாக இருந்தால் அது அறைக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது, அதற்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் போதும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. வெளியே எல்லாம் சரிசெய்து இரண்டு மூன்று பெருமழை பார்த்த பிறகும் உப்புப் பூத்தால் விரிசல் இருக்கிறதா, சுவரின் வெளிப்பக்க வடிகால் அடைத்திருக்கிறதா என்று ஓதம் பார்ப்பவரை அழைத்துத்தான் பார்க்க வேண்டும். உள்பக்கம் பூசும் ஓதத்தடுப்புப் பெயின்டை மட்டும் நம்பிச் சட்டம் கட்டாதீர்கள். பின்னாலிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தால் அது ஒரு நாள் கொப்புளித்து உரிந்து வரும்.

இன்னொன்று, ரேடான். மண்ணிலிருந்து கசியும் வாசனையில்லாத கதிரியக்க வாயு, பேஸ்மென்டில்தான் அதிகம் சேரும், நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம். அதைச் சுவர் தடுப்பதற்கு முன்னாலேயே சோதித்துவிடுங்கள். அளவு அதிகமாக இருந்தால் தரைக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே விடும் குழாய் வைக்க வேண்டியிருக்கும், வெறும் கான்கிரீட்டில் அது சுலபம், அறை கட்டிய பிறகு என்றால் எங்கே துளையிடுவது என்று தலையைச் சொறிய வேண்டும்.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன முறை. கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன், அதில் கிட்டத்தட்ட எல்லாமே தப்பு. கான்கிரீட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக், அறைப் பக்கம் இன்னொரு பிளாஸ்டிக் என்றால் நடுவில் மாட்டிய ஈரம் இரண்டு பக்கமும் போக முடியாது, மரமும் பஞ்சும் அதிலேயே ஊறும். கண்ணாடியிழைப் பஞ்சு குளிர்ந்த சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பதும் கூடாது. பஞ்சு காற்றைத் தடுப்பதில்லை, அறையின் வெதுவெதுப்பான காற்று அதன் வழியாக நுழைந்து பின்னாலிருக்கும் குளிர்ந்த கான்கிரீட்டில் பட்டு நீராகிவிடும். குளிர்ந்த தண்ணீர்க் குவளையின் வெளியே முத்து முத்தாக வியர்க்குமே, அதேதான், சுவருக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில்.

நான் செய்வது இப்படி. கெட்டி ஃபோம் பலகையை, இரண்டு அங்குல கனத்தில், ஃபோமுக்கான பசை போட்டு நேராகக் கான்கிரீட்டில் ஒட்டிவிடுவேன். மூட்டுகளுக்கெல்லாம் டேப், மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் ஸ்பிரே ஃபோம். அறைக் காற்று கான்கிரீட்டைத் தொடவே கூடாது, அவ்வளவுதான் நோக்கம். சட்டம் அதற்கு முன்னால், ஃபோமை ஒட்டினாற்போல் நிற்கும். சுவர் ஒரே நேராக இருக்காது, அங்கங்கே வயிறு தள்ளியிருக்கும், அதனால் நான் அரை அங்குலம் விட்டே நூல் பிடிப்பேன். ஃபோமை அப்படியே திறந்து விட்டுவிடக்கூடாது, தீப்பிடித்தால் மோசமான புகை வரும், அரை அங்குல டிரைவாலால் கட்டாயம் மூட வேண்டும். அறைப் பக்கம் பிளாஸ்டிக் தாள் வேண்டுமா என்பது குளிரின் அளவையும் உங்கள் ஊர் விதியையும் பொறுத்தது, கட்டட அனுமதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அனுமதி வாங்கப் போகிறீர்கள்தானே?

ஏனென்றால் அம்மாவின் படுக்கையறை விஷயம் அங்கேதான் வந்து நிற்கும். பேஸ்மென்டில் யாராவது தூங்கப் போகிறார்கள் என்றால், தீ என்று வந்தால் ஏறி வெளியே போகக்கூடிய ஜன்னல் வேண்டும். அமெரிக்காவில் பல இடங்களில் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதி, ஐஆர்சி என்பார்கள், அதன்படி ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் இடைவெளி 5.7 சதுர அடி இருக்க வேண்டும், உயரம் 24 அங்குலத்துக்கும் அகலம் 20 அங்குலத்துக்கும் குறையக்கூடாது, ஜன்னலின் அடி தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. மற்ற இடங்களில் எண்கள் மாறும், நோக்கம் ஒன்றுதான். நேரடியாகவே சொல்கிறேன், விதிப்படி ஜன்னல் வைத்துவிட்டாலும் வயதான ஒருவர் புகைக்கு நடுவே மார்பளவு ஜன்னலில் ஏறிக் குதிப்பார் என்று நம்புவது கஷ்டம். நானாக இருந்தால் அம்மாவுக்கு மேலே ஒரு அறையைக் கொடுத்துவிட்டு என் மேசையையும் கணினியையும் கீழே இறக்கிக்கொள்வேன். படிக்கட்டு ஏறி இறங்குவதும் மிச்சம். முடியாது என்றால் ஜன்னலைப் பெரிதாக வையுங்கள், வீடு முழுக்க ஒன்று அலறினால் எல்லாம் அலறுகிற மாதிரி இணைத்த புகை அலாரம் வையுங்கள், அவர் அறைக் கதவை 36 அங்குலத்தில் போடுங்கள்.

மரமா இரும்பா? இரண்டும் சரி. இரும்பு ஸ்டட் உளுக்காது, வளையாது, நேராக நிற்கும், தகடு வெட்டும் கத்தரியால் வெட்டிவிடலாம். ஆனால் கதவு மாட்டும் இடத்திலும் கனமான அலமாரி தொங்கும் இடத்திலும் உள்ளே மரத்தைச் சொருக வேண்டியிருக்கும். உங்களுக்கு மரவேலை கை பழகியிருப்பதால் மரத்திலேயே கட்டுங்கள். அடியில் கான்கிரீட் மேல் உட்காரும் படுக்கைக் கட்டை, பிளேட் என்பார்கள், அது மட்டும் பிரஷர் ட்ரீட்டட், அதாவது மக்காமலிருக்க மருந்தை அழுத்தி ஏற்றிய மரமாக இருக்க வேண்டும், அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் பட்டை ஒன்று ஓட வேண்டும். சாதாரண மரம் கான்கிரீட்டிலிருந்து ஈரத்தை உறிஞ்சி அடியிலிருந்து மக்கும். ட்ரீட்டட் மரத்தில் அடிக்கும் ஆணி கனமாகத் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும், அந்த மரத்திலிருக்கும் செம்பு மருந்து சாதாரண ஆணியை அரித்துவிடும். மரத்தை வாங்கியதும் பேஸ்மென்டிலேயே ஒரு வாரம் அடுக்கி வையுங்கள். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, வில் மாதிரி வளைந்ததைக் குறுக்குக்கட்டைக்கு ஒதுக்குங்கள். லேசான வளைவு எல்லாவற்றிலும் இருக்கும், எல்லா வளைவும் ஒரே பக்கம் பார்க்கும்படி நிறுத்தினால் போதும்.

அடுத்தது, படுக்கவைத்துத் தூக்குவதா, நின்ற இடத்தில் அடிப்பதா. புதுவீடு கட்டுகிறவர்கள் படுக்கவைத்துத்தான் கட்டுகிறார்கள், வேகமும் அதில்தான். பேஸ்மென்டில் அது சரிப்படாது. தூக்கும்போது மூலைவிட்டம் நீளமாகி மேலே இடிக்கும் என்று பலரும் காரணம் சொல்வார்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள், 90 அங்குல உயரத்துக்கும் மூன்றரை அங்குல அகலத்துக்கும் வித்தியாசம் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான் வரும். உண்மையான காரணம் தரை. பேஸ்மென்ட் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும், அங்கங்கே மேடும் பள்ளமுமாக இருக்கும், ஒரே சுவரில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அரை அங்குலம், முக்கால் அங்குலம் வித்தியாசம் சாதாரணம். அப்புறம் மேலே ஓடும் குழாய்கள், காற்றுக் குழாய்கள், எல்லாவற்றுக்கும் நடுவே எட்டடி உயரச் சட்டத்தைத் தனியாளாகத் தூக்கி நிறுத்துவது யாருக்கும் சுகமாக இருக்காது.

அதனால் நின்ற இடத்தில்தான். தரையில் சுவர் வரும் கோட்டை நூல் பிடித்து அடித்துவிடுங்கள். மூலைகள் சதுரமா என்று 3-4-5 கணக்கில் பாருங்கள், ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, குறுக்கே சரியாக 5 அடி. அந்தக் கோட்டிலிருந்து தூக்குக்குண்டு விட்டோ லேசர் வைத்தோ மேலே ஜாயிஸ்டில், அதாவது மேல்தளத்தைத் தாங்கும் கட்டைகளில், அதே கோட்டைக் குறித்து, முதலில் மேல்பிளேட்டை அடியுங்கள். சுவர் ஜாயிஸ்டுகளுக்குக் குறுக்கே போனால் ஒவ்வொரு ஜாயிஸ்டிலும் ஆணி விழும். ஜாயிஸ்டுக்கு இணையாக, இரண்டுக்கும் நடுவில் போனால் ஆணி அடிக்க ஒன்றும் இருக்காது, இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்குக்கட்டை அடித்து அதில் பிளேட்டை மாட்டுங்கள்.

கீழ்பிளேட்டைக் கான்கிரீட் ஸ்க்ரூவால் பிடிப்பது உங்களுக்கு நல்லது. 3/16 அங்குல ஸ்க்ரூவுக்கு 5/32 அங்குல பிட், ஸ்க்ரூ இறங்கும் ஆழத்தைவிட அரை அங்குலம் அதிகமாகத் துளையிட்டு, தூளை ஊதி வெளியேற்றிவிட்டு முடுக்குங்கள். தூள் உள்ளே நின்றால் ஸ்க்ரூ பாதியில் இறுகித் தலை முறிந்துவிடும். வெடிமருந்துத் தோட்டா போட்டு ஆணி அடிக்கும் துப்பாக்கியும் உண்டு, வேகமானதுதான், ஆனால் பிளேட்டின் முனையில் அடித்தால் மரமும் கான்கிரீட்டும் சேர்ந்து தெறிக்கும், கண்ணாடியும் காது மூடியும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. எதுவானாலும் துளையிடுமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள், தரைக்குள் சூடேற்றும் குழாய் ஓடுகிறதா இல்லையா. ஓடினால் பசையால் மட்டும் ஒட்ட வேண்டும்.

மண் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண்ணாக இருந்தால் வேறு முறை. அங்கே கான்கிரீட் தரையே ஏறி இறங்கும், இறுக்கமாகக் கட்டிய சுவர் மேல்தளத்தைத் தள்ளிவிடும். அடியில் இடைவெளி விட்டு, சுவரை மேலிருந்து தொங்கவிடுவார்கள். உங்கள் பகுதி அப்படியா என்று அனுமதி அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

இனி ஸ்டட். ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 16 அங்குலம். டிரைவால் பலகை 4 அடி அகலம், 48 அங்குலத்தில் அதன் விளிம்பு ஒரு ஸ்டட்டின் நடுவில் விழ வேண்டும், அதற்காகத்தான் இந்த 16. இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவார்கள். முதல் ஸ்டட் சுவரின் முனையில் நிற்கும், அதன் மையத்திலிருந்து 16 அளக்காதீர்கள், சுவர் முனையிலிருந்தே அளக்க வேண்டும், ஏனென்றால் டிரைவாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஸ்டட் கனம் ஒன்றரை அங்குலம், அதில் பாதி முக்கால், ஆக 15¼ அங்குலத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் பெருக்கல் குறி போடுங்கள், ஸ்டட் அந்தக் குறியின் மேல் நிற்கும். அடுத்தது 31¼, அப்புறம் 47¼, இப்படியே. மேல்பிளேட், கீழ்பிளேட் இரண்டிலும் ஒரே முனையிலிருந்து குறியுங்கள், எதிரெதிர் முனையிலிருந்து குறித்துவிட்டு ஸ்டட் ஏன் கோணலாக நிற்கிறது என்று முழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீளத்தை ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் அதனதன் இடத்திலேயே இரண்டு பிளேட்டுக்கும் நடுவில் அளந்து வெட்டுங்கள். பத்தையும் ஒரே அளவில் வெட்டிக் குவித்துவிட்டு வந்தால் மூன்று ஆடும், இரண்டு நுழையாது. கையால் நிறுத்தினால் தானாக நிற்க வேண்டும், சுத்தியலால் லேசாகத் தட்டினால் இடத்துக்குப் போய்விட வேண்டும், அந்த இறுக்கம் போதும். ஓங்கி அடித்துத்தான் நுழைகிறது என்றால் மேல்தளத்தையே தூக்குகிறீர்கள், எடுத்து ஒரு மயிரிழை செதுக்குங்கள். பிறகு ரசமட்டத்தால் இரண்டு பக்கமும் தூக்கு பார்த்து, சாய்வாக மேலும் கீழும் ஆணி.

கதவுக்கு, அந்த 36 அங்குலக் கதவுக்கு, 38 அங்குல அகலமும் 82½ அங்குல உயரமும் இடைவெளி விடுங்கள், கதவின் உயரம் 80 என்று வைத்துக்கொண்டால். பக்கத்துக்கு இரண்டு ஸ்டட், வெளியே முழு உயரத்தில் ஒன்று, உள்ளே குறுக்குக்கட்டையைத் தாங்கும் குட்டையானது ஒன்று. குட்டையானது கீழ்பிளேட்டின் மேல் நிற்பதால் 81 அங்குலத்தில் வெட்டினால் சரியாக வரும். தரையில் பிறகு கனமான பலகை போடப் போகிறீர்கள் என்றால் அந்தக் கனத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். இது மேலே எந்தப் பாரமும் தாங்காத தடுப்புச் சுவர் என்பதால் குறுக்கே ஒற்றைக்கட்டையைப் படுக்கவைத்தால் போதும். பேஸ்மென்ட் நடுவில் நிற்கும் இரும்புத் தூண்களும் அவை தாங்கும் உத்தரமும் வேறு கதை, அவற்றைச் சுவருக்குள் மறைக்கலாம், நகர்த்த நினைக்கவே வேண்டாம்.

தீத்தடுப்புக் கட்டையை மறக்காதீர்கள், அனுமதி அலுவலகத்திலிருந்து வரும் ஆய்வாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். கான்கிரீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அது தீக்குப் புகைக்கூண்டு மாதிரி ஆகி ஜாயிஸ்டுக்கு நடுவே தீயை ஏற்றிவிடும். சுவரின் உச்சியில் மரத்தாலோ டிரைவால் துண்டாலோ தீத்தாங்கும் கல்பஞ்சாலோ அடைக்க வேண்டும், நெடுக்காகவும் 10 அடிக்கு ஒருமுறை மேலிருந்து கீழ்வரை ஒரு தடுப்பு வர வேண்டும்.

மின்பெட்டியைச் சுவருக்குள் அடைத்துவிடாதீர்கள், அதன் முன்னால் 36 அங்குலம் ஆழமும் 30 அங்குலம் அகலமும் காலியாக இருக்கட்டும். வீட்டைச் சூடேற்றும் அடுப்பும் வெந்நீர்க் கொதிகலனும் எரிவாயுவில் ஓடினால் அவை மூச்சுவிடக் காற்று வேண்டும், சின்ன அறைக்குள் கதவைச் சாத்தி அடைப்பதற்கு முன் அதற்கான ஆளைக் கேளுங்கள். தண்ணீர் வால்வுகள், கழிவுநீர்க் குழாயைச் சுத்தம் செய்யும் மூடி, இவை எங்கெங்கே என்று பார்த்து அங்கெல்லாம் சிறு கதவு விடுங்கள். மின்கம்பிக்கு ஸ்டட்டில் துளை போடும்போது நடுவில் போடுங்கள், துளையின் ஓரம் ஸ்டட் விளிம்பிலிருந்து ஒண்ணேகால் அங்குலத்துக்குள் வந்துவிட்டால் அங்கே ஒரு இரும்புத் தகடு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரைவால் ஸ்க்ரூ கம்பிக்குள் இறங்கும்.

கம்பி, குழாய் எல்லாம் முடிந்து ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை எதையும் மூடாதீர்கள். மூடுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவருக்கும் குறுக்கே அளவுநாடாவை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் அலமாரி மாட்டும்போது ஸ்டட் எங்கே, குழாய் எங்கே என்று சுவரைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். டிரைவாலைத் தரையில் முட்டவிடாமல் அரை அங்குலம் தூக்கி மாட்டுங்கள், தரையில் எப்போதாவது தண்ணீர் நின்றாலும் பலகை உறிஞ்சாது, அந்த இடைவெளியை அடிப்பட்டி மறைத்துவிடும்.